மலிவான அருளும் விலைமிக்க அருளும்

(போன்ஹோபர் இயற்றிய ‘பின்பற்றுதல்’ என்னும் கிறிஸ்தவ நூலின் ஆராய்ச்சி)

சமய நூல்கள் இருவகைப்படும். கற்பார் அறிவினுக்குப் பொருள்தந்து அவ்வளவில் அமைவன ஒருவகை. கற்பாரை நோக்கி, ‘நீ யாது செய்யக் கருதினாய்?’ என வினாவி, விடைபெறாது விடாதன மற்றொரு வகை. முன்னையவற்றைக் கற்றார் ஏட்டைக் கட்டிவைத்துத் தம் பழைய நெறியிலேயே ஒழுகுதல் கூடும். பின்னையவற்றைக் கற்றார்க்கு அஃது எளிதன்று. ஜெர்மானிய தேசத்துக் கிறிஸ்தவ அறிஞராகிய தீத்ரிக் போன்ஹோபர் என்பார் 1937-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பின்பற்றுதல்’ என்னும் நூல் பின்னைய வகையைச் சார்ந்ததாம். ‘நாக்ஃபோல்கெ’ என்பது அதன் ஜெர்மானியப் பெயர். 1948-ஆம் ஆண்டில் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டபோது அது ‘சீடராதலின் விலை’ என்னும் பொருள்பட வேறு பெயர் பெற்றது.

அந்நூல் எடுத்துக்கொண்ட வினா ஒன்றே. இறைவன் அருள் யாதொரு விலையுமின்றி வருவதாயின், அதனைப் பெற்றான் தன் வாழ்வை மாற்றவேண்டுவது எற்றுக்கு? மாற்றியே தீரல்வேண்டுமெனின், அருள் விலையின்றி வந்ததென்றல் யாங்ஙனம்? இவ்வினா ஒரு தேசத்தார்க்கோ ஒரு சமயத்தார்க்கோ உரியதன்று. அருளை நம்பி வாழ்வார் எல்லாரும் என்றேனும் ஒருநாள் எதிர்ப்படவேண்டிய வினா இஃதேயாம். ஆதலின், போன்ஹோபர் இதற்குக் கண்ட விடையும், அவ்விடையின் உறுதியும், அதன்கண் உள்ள குறையும் ஈண்டு முறையே ஆராயப்படும்.

நூல் பிறந்த காலம்

போன்ஹோபர் 1906-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் பிரெஸ்லாவு நகரிற் பிறந்தார். தந்தையார் மனநோய் மருத்துவத்திற் பேர்பெற்ற பேராசிரியர். மகனார் தூபிங்கன், பெர்லின் ஆகிய நகரங்களிற் சமய சாத்திரம் பயின்று, 1927-இல், இருபத்தோராம் வயதிலேயே பண்டிதப் பட்டத்திற்குரிய ஆராய்ச்சியை முடித்தார். 1930-31-இல் நியூயார்க்கு நகரஞ்சென்று ஓராண்டு தங்கியபோது, ஹார்லம் பகுதியிலுள்ள நீக்ரோ மக்களின் திருச்சபையொன்றிற் பலகாலும் வழிபாட்டிற் கலந்துகொண்டார். அதுவரை ஏட்டளவில் நின்ற அவர் கல்வி, துன்புறுவார் வழிபாட்டைக் கண்டபின் வாழ்வளவிற் செல்லத் தொடங்கிற்று.

1933-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சித் தலைமையை ஏற்றான். அதற்கு இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி முதல்நாள், போன்ஹோபர் வானொலியிற் பேசினார். தலைவன் என்பான் தன்னைப் பின்பற்றுவார்க்குத் தானே தெய்வமாக அமைவானாயின், அவன் வழிகாட்டி அல்லன், வழிகெடுப்பானே ஆவன் என்பது அவர் உரையின் கருத்து. உரை முடியுமுன்னரே ஒலிபரப்பு நின்றுவிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், யூதக் குருதியுடையார் திருச்சபைப் பணிகளில் அமர்தல் கூடாதென்னும் விதியைப் பிரஷ்ய நாட்டுத் திருச்சபையின் மன்றம் ஏற்றுக்கொண்டது. அதனை எதிர்த்தெழுந்த குருமார் 1934-ஆம் ஆண்டு மே மாதத்திற் பார்மன் நகரிற் கூடி, திருச்சபை கேட்டற்குரிய வாக்கு இயேசுகிறிஸ்துவினுடைய வாக்கு ஒன்றேயன்றி வேறின்று என அறிக்கை செய்தனர். அவ்வறிக்கையை வரைந்தாருள் தலைமையானவர் கார்ல் பார்த் என்னும் அறிஞர். இக்கூட்டத்தாரே ‘அறிக்கையிடும் திருச்சபை’யினர் எனப்பட்டார்.

போன்ஹோபர் அக்காலத்து இலண்டனிற் குருவாக இருந்தார். இந்தியாவிற்கு வந்து காந்தியடிகளின் ஆசிரமத்திற் சிலகாலம் தங்கி, தீமையைத் தீமையால் எதிராது வெல்லும் நெறியைக் கண்டறியவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அடிகளும் 1934-இல் அவரை வரவேற்றுத் திருமுகம் விடுத்தார். ஆயின், அறிக்கையிடும் திருச்சபைக்கு இளங்குருமாரைப் பயிற்றும் பொறுப்பு அவரை அடைந்தமையின், அப்பயணம் கைகூடாதொழிந்தது. 1935-ஆம் ஆண்டில் ஸ்டெட்டின் நகரை அடுத்த ஃபிங்கன்வால்டு என்னும் ஊரில் அப்பயிற்சிப்பள்ளி அமைந்தது. அரசாங்க இசைவு பெறாத அப்பள்ளியை 1937-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரகசியக் காவலர் மூடினர். அங்கு மாணவர்க்கு உரைத்த பாடங்களே அவ்வாண்டு இறுதியில் நூலாயின. ஆதலின் இந்நூல் படிப்பறையில் ஓய்ந்திருந்து எழுதிய நூலன்று. சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆயத்தமாகவேண்டிய இளைஞர்க்கு அளித்த கட்டுச்சோறு என்க.

நூலின் உயிர்நிலை

நூல் இருபெரும் பகுதிகளை உடையது. முற்பகுதி அருளின் விலையையும், சீடரை அழைத்த அழைப்பையும் கூறித் தொடங்கி, மத்தேயுவின் சுவிசேஷத்து ஐந்து, ஆறு, ஏழாம் அதிகாரங்களாகிய மலைப்பிரசங்கத்திற்கு விரிவுரை செய்து, சீடர் தூதராய் அனுப்பப்பட்ட வரலாற்றோடு முடிகின்றது. பிற்பகுதி பவுலடிகளின் நிருபங்களைப் பற்றிநின்று, ஞானஸ்நானத்தையும் திருச்சபையையும் பேசுகின்றது. இவற்றுள் முதலதிகாரமே நூலின் உயிர்நிலை.

ஆண்டு அவர் அருளை இரண்டாக வகுக்கின்றார்: மலிவான அருள், விலைமிக்க அருள் என. இவை இரண்டு அருள்கள் அல்ல. ஓர் அருளை மாந்தர் கொள்ளும் முறை இரண்டு. மலிவான அருளாவது, அருளை ஒரு கொள்கையாகவும், பொதுவிதியாகவும் கொள்வது. ‘கடவுள் மன்னிப்பவர், ஆதலின் மன்னிப்பு உளது’ என்று கூறி அமைவது அது. அதன்கண் பாவி திருந்துவதில்லை. பாவமே நியாயம் பெறுகின்றது. விலைமிக்க அருளாவது, ஒருவனைப் பெயர்சொல்லி அழைத்துப் பின்வரச் செய்வது. அவன் வாழ்வு முழுவதையும் அது கேட்கும், ஆதலின் விலைமிக்கது. அவனுக்கு மெய்வாழ்வை அது தரும், ஆதலின் அருளாவது. இவ்விரு கூற்றுள் ஒன்றைக் கைவிட்டாலும் அருளின் இயல்பு கெடும் என்பது அவர் துணிபு.

இத்துணிபு எழுந்த இடத்தை நோக்கின் இதன் துணிவு புலனாகும். போன்ஹோபர் லூதரின் நெறியைச் சார்ந்தவர். 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அந்நெறியினரே. ஆதலின் தமிழ்நாட்டார்க்கும் அது புதிதன்று. மனிதன் தன் செய்கையால் அன்றி, நம்பிக்கை ஒன்றினாலேயே நீதிமானாக்கப்படுகின்றான் என்பதே அந்நெறியின் முதற்கொள்கை. அக்கொள்கையே தன் நாட்டிற் சோம்பலுக்குத் தலையணையாயிற்று என அந்நெறியினர் ஒருவரே எழுந்து கூறுதல் எளிய செயலன்று. கூறியும், அவர் கொள்கையைக் கைவிட்டாரல்லர். கொள்கை எங்ஙனம் பிறழ்ந்தது என்பதையே ஆராய்ந்தார்.

அவர் காட்டும் காரணம் நுட்பமானது. லூதர் 1505-இல் துறவுமடம் புக்குத் தமக்குள்ள யாவற்றையும் துறந்து, நோன்புகளால் தம்மை வாட்டினார். இறுதியில், தம் துறவும் தம்மைக் காவாது, இறைவன் அருளே காக்கும் எனக் கண்டார். அவர்க்கு அஃது ஒரு வாழ்நாட் கணக்கின் விடை. பின்வந்தோரோ விடையையே கணக்கின் முதல் வரியாக எழுதிக்கொண்டனர். நெடுவழி நடந்து களைத்தவன், ‘என் கால்கள் என்னை இங்குக் கொணரவில்லை, வழிகாட்டியின் கையே கொணர்ந்தது’ என்பானாயின் அது மெய். வீட்டைவிட்டுப் புறப்படாதவன் அதனையே தன் திண்ணையிலிருந்து கூறின் அது பொய். சொல் ஒன்றே, சொல்லும் இடம் வேறானமையின் உண்மை வேறாயிற்று. ஒரு மெய்ம்மொழி தன் இடத்தினின்று பெயர்க்கப்பட்டாற் பொய்ம்மொழியாகும் என்னும் இவ்வுண்மை, இந்நூலாற் பெறப்படுவனவற்றுள் தலைசிறந்தது.

நம்பிக்கையும் கீழ்ப்படிதலும்

இனி, நம்பிக்கை முன்னதோ கீழ்ப்படிதல் முன்னதோ எனும் ஐயத்தை அவர் எடுத்துக்கொள்கின்றார். ‘நம்பிக்கை பிறந்தபின் கீழ்ப்படிவேன்’ என்பான் என்றும் கீழ்ப்படியான்; அவன் கீழ்ப்படியாமையே நம்பிக்கை பிறவாமைக்குக் காரணம் என்பது அவர் விடை. இரண்டும் ஒன்றையொன்று விட்டு நில்லா. ஆயத்துறையில் அமர்ந்திருந்த லேவி அழைப்பைக் கேட்டதும் எழுந்தான் என மாற்குவின் சுவிசேஷம் கூறுகின்றதேயன்றி, அவன் உள்ளத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சி யாதென்று கூறிற்றில்லை. அக்குறை நூலின் குறையன்று. கூறாமையே பொருளாம் என்று போன்ஹோபர் காட்டுவது அழகிது.

இதற்கு மறுதலையாக அவர் காட்டுவது, செல்வமுடைய இளைஞன் வரலாறு. உள்ளன யாவும் விற்று வறியார்க்கீந்து பின்வா எனக் கேட்ட அவன் துயரத்தோடு மீண்டான். பிற்காலத்து உரையாசிரியரோ அவனினும் வல்லவராயினர். ‘விற்றல் என்பது மனத்தாற் பற்றறுதல்; ஆதலின் செல்வத்தை வைத்துக்கொண்டே பற்றற்றிருத்தல் போதும்’ என உரைகண்டு, துயரமும் இன்றி மீண்டனர். தந்தை ‘உறங்கச் செல்’ என்று கூற, ‘என் களைப்பு நீங்கவேண்டும் என்பதன்றோ தந்தை கருத்து, விளையாடினும் களைப்பு நீங்குமே’ என்று ஆராய்ந்து விளையாடப்போகும் பிள்ளையை அவர் உவமை காட்டுகின்றார். சொல்லின் உட்கருத்தைத் தேடுகின்றேன் என்பான் சொல்லையே தப்பிப்போதல் கூடும் என்னும் இவ்வெச்சரிக்கை, உரைகாண்பார் அனைவரும் உளங்கொளத்தக்கது.

ஆயினும் ஈண்டு ஒரு வரம்பு வேண்டும். எல்லாச் சொல்லையும் சொற்கிடந்தவாறே கொள்க என்பது அவர் கருத்தன்று. பற்றறுதல் என்னும் உட்பொருள் பொய்யன்று. செல்வத்தை விட்டான் ஒருவன் அதனைக் கூறின் அது மெய்யாகலாம். விடாதவன் கூறுங்கால், அது தனக்குச் சார்பாகத் தானே எழுதிக்கொண்ட தீர்ப்பாய் முடியும். ஆதலின் உரையின் மெய்ம்மைக்கு உரைப்பான் ஒழுக்கமும் ஓர் அளவைக் கருவியாம்.

தடையும் விடையும்

அற்றேல், கீழ்ப்படிதலை இங்ஙனம் வற்புறுத்துதல், செய்கையால் வீடுபெறலாம் என்னும் பழைய கொள்கையைப் பின்வாயில் வழியே மீளக் கொணர்தல் அன்றோ எனின், அன்று. கீழ்ப்படிதல் அருளுக்குக் கொடுக்கும் விலையாக அவர் நூலில் யாண்டும் கூறப்படவில்லை. விலைமிக்கது என்றது, முதற்கண், இறைவனுக்கு அது தன் திருமகனுடைய உயிரை விலையாக்கிற்று என்னும் கிறிஸ்தவக் கொள்கை பற்றியே. இறைவனுக்கு அத்துணை விலையாயது மனிதனுக்கு மலிவாதல் ஒவ்வாது என்பதே அவர் வாதம். அழைப்பு முன், எழுந்துபோதல் பின். அழையாதிருப்பத் தானே எழுந்துபோவானை அவர் சீடன் என்னார்.

சைவ நூல்களிற் பயின்றார்க்கு இவ்விடம் பழகிய இடமாகத் தோன்றும். சரியை முதலிய நாற்பாதத்து முயற்சிகளும் திருவருளின் வழிப்பட்டே நிகழ்வன. முயற்சி அருளுக்கு ஈடன்று, அருள் பதிந்தமைக்கு அடையாளம் என்பது அவர் அறிந்ததே. எனினும் இரண்டும் ஒன்றென விரைந்து துணிதல் பொருந்தாது. சித்தாந்தம், உயிரை அநாதியே மறைத்துநிற்கும் ஆணவமலத்தின் பரிபாகத்தையும், பிறவி பலவற்றின் ஊடே நிகழும் படிமுறையையும், அப்பரிபாகத்திற்கேற்ப மந்தமுதல் தீவிரதரம் ஈறாக நால்வகைப்பட்ட சத்திநிபாதத்தையும் கூறும். போன்ஹோபர் கூறுவதோ ஒரே பிறவி. காலத்தில் ஒருமுறையே நிகழ்ந்த சிலுவை. ஆணைக்கு அடங்காமையாகிய பாவம். ஆண்டுப் படிமுறைக்கு இடனில்லை. கேட்ட அக்கணமே எழுதல்வேண்டும். அவருரையின் கடுமை இதனாற் பிறந்தது. இவ்வேறுபாட்டை மறந்து அந்நூலைப் புகழ்வாரும், இதனையே பற்றி இகழ்வாரும் அதனைக் கற்றாரல்லர். கொள்கை வேறாயினும், அருளின் பெயரால் ஒழுக்கம் தளர்தல் எச்சமயத்தார்க்கும் நேரக்கூடிய நோயாதலின், அந்நோய்க்கு அவர் கண்ட நாடி யாவர்க்கும் பயன்படும்.

இனி வேறொரு தடை இதனினும் வலியது. அக்காலத்து ஜெர்மானியர்க்குக் குறையாயிருந்தது கீழ்ப்படிதலோ? அவர் மிகுதியாகக் கீழ்ப்படிந்தன்றோ கெட்டார்? 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் இயற்றப்பட்ட தொழிற் சட்டம், தொழிற்சாலை உடையானைத் ‘தலைவன்’ என்றும், அவன்கீழ்த் தொழில் செய்வாரைப் ‘பின்பற்றுங் கூட்டம்’ என்றும் பெயரிட்டு வழங்கிற்று. பின்பற்றுதல் என்னும் சொல் ஆட்சியாளர் நாவில் நின்ற காலத்தில், அதே வேரிற் பிறந்த சொல்லைத் தலைப்பாக வைத்து, ஆராயாது எழுந்து போதலைப் புகழ்தல் தீக்கு நெய்யாகாதோ?

இத்தடைக்குரிய விடை நூலின் நடுவே உளது. கிறிஸ்து அழைக்குங்கால் மனிதனுக்கும் அவனைச் சூழ்ந்த யாவற்றிற்கும் இடையே தாம் வந்து நிற்கின்றார் என்கின்றார் போன்ஹோபர். தந்தைக்கும் மகனுக்கும் இடையே, கணவனுக்கும் மனைவிக்கும் இடையே, குடிமகனுக்கும் நாட்டிற்கும் இடையே அவர் நிற்பர். ஆதலின் குருதியென்றும் இனமென்றும் தலைவனென்றும் எதுவும் ஒருவனை நேரே பற்றி இழுக்கும் உரிமையை இழந்துவிடுகின்றது. ஒருவர்க்கே முற்றும் கீழ்ப்படிதல், ஏனையோர்க்கு முற்றும் கீழ்ப்படியாமையாம். ஹிட்லரின் பெயரை எடுத்து இகழும் நூல் அன்று இது. ஆயினும், அவனுக்கு மக்கள்மேல் உரியதாக அவன் கருதிய ஆட்சியின் வேரை இவ்வதிகாரம் அறுக்கின்றது.

விடை நன்று, ஆயினும் முற்றுப்பெற்றதன்று. அழைத்தது யாருடைய குரல் என்பதை ஒருவன் எவ்வாறு தேர்வான்? தன் விருப்பத்தையே அழைப்பெனக் கருதி மயங்குவானும் உளன். கூட்டத்தின் ஆரவாரத்தை இறைவன் குரலென்று கொண்டாரும் அந்நாட்டில் பலர். வேதவாக்கையும் திருச்சபையையும் கைகாட்டி அமைவதன்றித் தேரும் முறையைப் போன்ஹோபர் விரித்தாரல்லர். திருச்சபையே வழிதவறிய காலத்தில் அக்கைகாட்டுதல் போதியதாகுமோ என்பது ஆராயத்தக்கது. நூலின் முதற்குறை இது.

பள்ளியில் நிகழ்ந்த வாழ்வு

கொள்கை வாழ்வாய வகையை அறிய விரும்புவார், ஃபிங்கன்வால்டுப் பள்ளியின் ஒழுகலாற்றை நோக்கல்வேண்டும். காலையும் மாலையும் மாணவரும் ஆசிரியரும் ஒருங்கிருந்து சங்கீதங்களை ஓதினர். வேதவாக்கியம் ஒன்றைப்பற்றி நாடோறும் மௌனமாயிருந்து சிந்தித்தனர். ஒருவர் மற்றொருவரிடம் தனியே சென்று பாவ அறிக்கை செய்தலும் உண்டு. இவற்றைக் கண்ட அவர் சமயத்தாருட் சிலர், இது லூதர் விட்டுவந்த மடத்தை மீளக் கட்டுதலே என ஐயுற்றனர். போன்ஹோபர் இவ்வாழ்வின் முறையை 1939-இல் வெளிவந்த ‘கூடிவாழ்தல்’ என்னும் சிறுநூலிற் கூறியுள்ளார்.

அப்பள்ளியின் விதிகளுள் ஒன்று தனித்துக் குறிக்கத்தக்கது. உடன்பயில்வான் ஒருவனைப்பற்றி அவன் இல்லாதவிடத்துப் பேசுதல் கூடாது. பிறழ்ந்து பேசிவிடின், பேசினமையை அவனிடமே சென்று கூறிவிடல்வேண்டும். விதி சிறிது; காப்பது அரிது. இதனைக் காத்தற்கு முயன்றார் பிரசங்கங்களாற் கற்றதற்கு ஏறக்குறைய ஒப்பாக இதனாற் கற்றனர் என்பது மாணவருள் ஒருவராகிய எபர்ஹார்டு பெத்கே எழுதிய வரலாற்றாற் பெறப்படும். அருளின் விலை என்பது உயிரைக் கொடுக்கும் பெருநாளில் மட்டும் கேட்கப்படுவதன்று. நாவடக்கமாகிய சிறுகாசாக நாடோறும் கேட்கப்படுவது என்பதற்கு இது சான்று. நூலின் உயர்ந்த சொற்களுக்கு இவ்வெளிய விதியே நல்லுரையாம்.

நூலும் நூலாசிரியர் முடிவும்

1939-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நண்பர்கள் போன்ஹோபரை நியூயார்க்கிற்கு அழைத்துக்கொண்டனர். போர் மூளுமுன் அவர் உயிர்பிழைத்தற்கு அதுவே வழி. சில கிழமைகளுக்குள்ளேயே அவர் மனம் அமைதியிழந்தது. தம் நாட்டார் துன்பத்திற் பங்குகொள்ளாதவன், துன்பம் நீங்கியபின் அந்நாட்டைத் திருத்தியமைத்தற்கு உரிமையுடையவனாகான் எனத் துணிந்து, ஜூலைத் திங்களிலேயே ஜெர்மனி மீண்டார். செல்வமுடைய இளைஞனுக்குத் தாம் எழுதிய உரையைத் தம்மேலேயே ஏற்றிக்கொண்டார் என்னலாம்.

அதன்பின் நிகழ்ந்ததே கற்பாரை மயங்கச் செய்வது. மலைப்பிரசங்கத்திற்கு உரைகண்டு, தீமையைத் தீமையால் எதிர்த்தல் கூடாது எனக் கற்பித்தவர், ஹிட்லரை வீழ்த்தக் கருதிய மறைமுகக் கூட்டத்திற் சேர்ந்தார். படைத்துறையின் ஒற்றர் அலுவலகத்தில் இருந்த அக்கூட்டத்தாரோடு அவர் தமக்கையின் கணவர் ஹான்ஸ் ஃபான் தோனானி வழியே தொடர்புற்றார். யூதர் சிலரைச் சுவிட்சர்லாந்திற்குத் தப்புவித்த முயற்சியிலும் அவர்க்குப் பங்குண்டு. 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் சிறைப்பட்டார். 1944-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு பயன்படாதொழிந்தது. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், ஃபுளோசன்பூர்க்கு என்னும் சிறைக்களத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவர்க்கு வயது முப்பத்தொன்பது. இரண்டு கிழமைக்குள் அமெரிக்கப் படையினர் அவ்விடத்தை விடுவித்தனர்.

நூல் ஒன்று கூற வாழ்வு வேறொன்று கூறிற்று என்பார் உளர். வாழ்வே மெய், நூல் இளமையின் மிகை என்பார் பிறர். இருதிறத்தாரும் இடையில் அவர் எழுதி முற்றுப்பெறாத ‘ஒழுக்கவியல்’ என்னும் நூலை நோக்கினாரல்லர். அவர் இறந்தபின் 1949-இல் வெளிவந்த அந்நூலில், பிறர் பொருட்டுக் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் நிலை ஒன்றைப் பேசுகின்றார். அங்ஙனம் ஏற்பவன் தன் செயலை அறமென்று கூறான். குற்றம் குற்றமே என ஒப்புக்கொண்டு, தன்னை இறைவன் தீர்ப்பிற்கு ஒப்புவிப்பான். ஈண்டுத்தான் முன்னைய நூலின் கருத்து மாறாது நிற்கின்றது. மலிவான அருளாவது பாவத்தை நியாயமென்பது எனக் கூறியவர், தம் வாழ்வின் அரியதொரு தருணத்தில் தம் செயலை நியாயமென்று கூற மறுத்தார். பிறரை விடுவித்தற்குச் செய்த செயலையும் மன்னிப்பு வேண்டும் செயலாகவே கொண்டார். அவர்தம் கொள்கை அவர்க்கு ஆறுதலாயிற்றில்லை, சுமையாயிற்று. விலைமிக்க அருள் என்பதன் பொருள் ஈண்டு விளங்கும்.

எனினும், இதனை விதியாக்குதல் கூடாது. ‘குற்றத்தை ஏற்கின்றேன்’ என்னும் சொல்லைக் கொலைத்தொழிலார் எவரும் கடன்வாங்கிக்கொள்ளலாம். மடத்தில் நெடிது வாடிய லூதரின் சொல்லைப் பின்னோர் எளிதிற் கடன்வாங்கியது போன்றதே அதுவும். தன் உயிரையும் தன் நற்பெயரையும் முன்னரே வைத்துவிட்டவன் வாயிலன்றிப் பிறர் வாயில் அது பொய்யாகும்.

நூலின் குறைகள்

அழைப்பைத் தேரும் முறை விரியாமை முன்னரே கூறப்பட்டது. இரண்டாவது, திருச்சபைக்கும் உலகிற்கும் இடையே இந்நூல் இடும் மதில் பெரிது. உள்ளிருப்பார் பரிசுத்தர், வெளியே உலகம் என்னும் பிரிவு, அடக்குமுறை மிக்க காலத்தில் அரணாயிற்று. அமைதிக்காலத்தில் அது செருக்காய் முடிதல் கூடும். இக்குறையை ஆசிரியரே உணர்ந்தார். குண்டுமுயற்சி தவறிய மறுநாளாகிய ஜூலை 21-ஆம் நாள் சிறையிலிருந்து பெத்கேக்கு எழுதிய கடிதத்தில், பரிசுத்த வாழ்வொன்றை வாழ முயல்வதனால் நம்பிக்கையைக் கற்கலாம் எனத் தாம் கருதியிருந்ததையும், அக்கருத்தின் முடிவிலேயே அந்நூலை எழுதியதையும் நினைந்து, அதன் இடர்கள் இப்பொழுது தமக்குப் புலனாகின்றன என்றும், ஆயினும் எழுதியதைக் கைவிடவில்லை என்றும் குறித்தார். உலகத்தின் கடமை, வெற்றி, தோல்வி, துன்பம் ஆகியவற்றின் நடுவே முற்றும் வாழ்ந்தே நம்பிக்கையைக் கற்றல் கூடும் என்பது அவர் பின்னைத் தெளிவு. தம் நூலுக்குத் தாமே இத்துணை நடுநிலையான மதிப்புரை வரைந்தார் சிலரே.

மூன்றாவது, ஜெர்மானியத் திருச்சபையின் வீழ்ச்சிக்கு மலிவான அருள் ஒன்றே காரணம் போலத் தோன்றச் செய்தல். நாட்டுப்பற்று வெறியானமையும், அரசு செய்வதைச் சமயம் வினாவலாகாது என்னும் வழக்கமும், யூதர்மேல் நெடுநாளாக இருந்த பகைமையும் உடன் காரணங்கள். அறிக்கையிடும் திருச்சபையைச் சார்ந்த குருமாருள்ளும் பலர் 1938-இல் ஹிட்லருக்கு விசுவாச ஆணை செய்தனர். அருளைப்பற்றி நன்கு போதித்தாரும் அச்சத்தின்முன் தளர்ந்தனர் எனின், போதனையைத் திருத்துதல் மட்டும் போதாதென்பது வெளிப்படை.

முடிபு

இக்குறைகளால் நூலின் பெருமை குன்றாது. நோய்க்கு முற்றும் மருந்து கூறிற்றில்லையாயினும், நோயின் பெயரை அஞ்சாது கூறிற்று. ஞானஸ்நானம் பெற்றமையும், தேவாலயஞ் சென்றமையும், மன்னிப்பின் மொழியைக் கேட்டமையும் அமையும் என்று துயின்றாரை அது துயிலெழுப்பிற்று. புறத்தே அணிந்த குறியினால் அகத்தே வேண்டும் மாற்றம் நிகழ்ந்ததாகக் கருதி அமைதல், சிலுவை அணிந்தார்க்கு மட்டும் உரிய குற்றமன்று; நீறணிந்தார்க்கும் அக்குற்றம் நேராதென்று ஒருவரும் உறுதி கூறார். பிறசமய நூலைக் கற்பதன் பயன் அவர் குறையை எண்ணுவதன்று; அவர் தம் குறையைத் தாமே கண்ட நேர்மையைக் கற்றுத் தம்மிடத்தே நோக்குவதாம்.

அருள் விலையின்றி வருவது என்பதும் மெய். அதனைப் பெற்றான் பழையவனாயிரான் என்பதும் மெய். முன்னதைப் பின்னதின்றிக் கூறுவான் அருளை மலிவாக்குகின்றான். பின்னதை முன்னதின்றிக் கூறுவான் அருளை விற்கின்றான். இரண்டையும் ஒருங்கே கூறுதல் நாவிற்கு எளிது; ஒருங்கே வாழ்தலே அரிது. அவ்வருமையை எழுதியவர் எழுதியதோடு அமையாது சென்று முடித்த நூல் இஃதாதலின், இதனைக் கற்பார் மூடிவைத்த பின்னும் இது மூடாது நிற்கும் என்க.